கொடைக்குப் பாடுகிறவர் கணக்கை யார் எழுத வேண்டும்?

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் வில்லிசைக் குழு நடத்துகிறேன். என்னோடு ஏழு பேர். பங்குனி முதல் ஆவணி வரை கோயில் கொடை (ஊர்த் திருவிழா), புரட்டாசியில் தசரா, இடையிடையே கல்லூரி விழா, அரசு விழா. போன வருஷம் நான்கு இடங்களில் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் டவுனில் ஒருவர் போட்டுத் தருகிறார். என்ன போட்டார் என்று எனக்குத் தெரியாது. வேன் வாங்கக் கடன் கேட்டால், வருமானத்துக்குச் சான்று போதாது என்று வங்கியில் சொல்கிறார்கள். இதையெல்லாம் நானே கற்றுக்கொள்ள வேண்டுமா, நல்ல ஆடிட்டரிடம் விட்டால் போதாதா?

பதில்: ஆடிட்டரிடம் தாராளமாக விடலாம். ஆனால் அன்றாட வரவு செலவு நோட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் தளத்தின் கடவுச்சொல் ஆகிய மூன்றும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. ரிட்டர்ன் போடுவது ஒரு நாள் வேலை. அதற்கு வேண்டிய விவரமோ வருஷம் முழுக்க, நடுச்சாமத்தில், கோயில் வாசலில், வேன் கிளம்புகிற அவசரத்தில் உண்டாகிறது. அங்கே நின்றவர் எழுதினால்தான் உண்டு. ஜூலை மாதம் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்துச் சொல்கிற கணக்கு எப்போதும் வரவில் சரியாகவும் செலவில் குறைவாகவும்தான் இருக்கும். வரவு வங்கியில் பதிவாகிவிடுகிறது. செலவு பெரும்பாலும் ரொக்கமாகப் போய்விடுகிறது.

ஊர்க் கொடையில் இதற்கு நல்ல வழக்கமே இருக்கிறது. தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பது) யார் யார் கொடுத்தார்கள், பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கமிட்டி நோட்டில் எழுதி, கொடை முடிந்ததும் ஊரைக் கூட்டி வாசிக்கிறார்கள். உங்கள் குழுவுக்குக் கொடுத்த தொகையும் அந்த நோட்டில் இருக்கிறது. கொடுத்தவரிடம் எழுத்து இருக்கிறது, வாங்கியவரிடம் இல்லை. உங்கள் சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குழுவின் பணம், உங்கள் பான்

நிகழ்ச்சிப் பணம் முழுவதும் தலைவியான உங்கள் பெயரில் வருகிறது. டிடிஎஸ் பிடித்தாலும் உங்கள் பான் எண்ணில்தான் பிடிப்பார்கள். கல்லூரி கொடுத்த 60,000 ரூபாயும் வரித் துறையைப் பொறுத்தவரை உங்கள் வரவு. அதிலிருந்து உடுக்கைக்கும் குடத்துக்கும் தாளத்துக்கும் கட்டைக்கும் ஆர்மோனியத்துக்கும் பின்பாட்டுக்கும் பிரித்துக் கொடுத்ததைத் துறைக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது. நீங்கள் செலவாகக் காட்டி, அதற்கு எழுத்தும் வைத்திருந்தால்தான் அது செலவு.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. ஆண்டு வரவு 14,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழுவினர் சம்பளம் 8,10,000. வேன் வாடகையும் டீசலும் 1,45,000. ஏஜென்ட் கமிஷன் 70,000. உடை, பூ, வாத்தியப் பழுது 35,000. வழிச் சாப்பாடு, மைக் வாடகை 30,000. போன், நோட்டீஸ் 15,000. சொந்த வாத்தியம், ஒலிபெருக்கியின் மதிப்பு ஒரு லட்சம் என்றால் அதற்கு 15 சதவீதத் தேய்மானம் 15,000. ஆக மொத்தம் 11,20,000 போக, உங்கள் வருமானம் 3,00,000.

2025–26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கும் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரி கழிந்துவிடுகிறது. எனவே மேலே சொன்ன கணக்கில் உங்கள் வரி பூஜ்யம். நான்கு நிகழ்ச்சிக்கு 60,000 வீதம் 2,40,000 வாங்கி, 10 சதவீதம் பிடித்திருந்தால் 24,000 ரூபாய் அரசிடம் இருக்கிறது. அது முழுவதும் உங்கள் பணம். ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் வரும். கேட்காதவருக்குத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை. தவிர, கலை, தொழில்முறைச் சேவை வழியாக வரும் மொத்த வரவு ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால், லாபம் குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். வரியே இல்லாதபோது ரிட்டர்ன் எதற்கு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

44ஏடிஏ பற்றிய தவறான நம்பிக்கை

"கலைஞர்களுக்கு 44ஏடிஏ இருக்கிறது, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், நோட்டே வேண்டாம்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பிரிவு மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற, அரசு அறிவித்த தொழில்களுக்கானது. அந்தப் பட்டியலில் வருபவர் திரைப்படக் கலைஞர்: நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், நடன இயக்குநர், பாடகர், பாடலாசிரியர், வசனகர்த்தா என்று நீள்கிறது. வில்லிசையோ கணியான் கூத்தோ நையாண்டி மேளமோ நாகசுரமோ அதில் பெயர் சொல்லி இல்லை. சினிமாவுக்குப் பாடுகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். கொடைக்குப் பாடுகிறவர் அதை நம்பி நோட்டு எழுதாமல் இருப்பது ஆபத்து.

அப்படியே போட்டாலும் உங்களுக்கு நஷ்டம்தான். 14,20,000 வரவில் பாதி 7,10,000. கைக்கு மிஞ்சியது 3 லட்சம், காகிதத்தில் 7 லட்சம். தள்ளுபடியால் வரி வராமல் போகலாம். ஆனால் வருமான வரம்பு வைத்துத் தருகிற கல்வி உதவித்தொகையில் உங்கள் பிள்ளைக்கு அந்த எண் குறுக்கே நிற்கும். தனியாளாக வாசிப்பவருக்குச் செலவு குறைவு, பாதி லாபம் என்பது பொருந்தலாம். வரவில் பெரும்பகுதி சம்பளமாகப் போகிற குழுவுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஆகவே உண்மையான வரவு, உண்மையான செலவு, தொழில் வருமானத்துக்கான ஐடிஆர்-3 படிவம். அந்தப் பட்டியலில் இல்லாத தொழிலில் உள்ள தனிநபருக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் வருமானம் 2.5 லட்சத்தையோ வரவு 25 லட்சத்தையோ தாண்டியிருந்தால் கணக்கு வைப்பது சட்டப்படியே கட்டாயம். மேலே சொன்ன 3 லட்சம் அந்த வரம்புக்கு மேல். உங்கள் பழைய ரிட்டர்ன் நகலை வாங்கிப் பாருங்கள். ஐடிஆர்-1 என்று இருந்தால் அது தவறான படிவம். சம்பளக்காரருக்கானதில் கலை வருமானத்தை "இதர வருமானம்" என்று சின்னதாக ஓர் எண் போட்டு முடித்திருப்பார்கள். வங்கி உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 2025–26 நிதியாண்டுக்கான ரிட்டர்னுக்குப் பழைய எண்கள்தான்.

நோட்டு

நீள நோட்டு ஒன்று போதும். கொடைக்கு ஒரு பக்கம். மேலே தேதி, ஊர், கோயில், பேசிய தொகை, அச்சாரம் வாங்கிய தேதி, மீதி வாங்கிய தேதி, ரொக்கமா யுபிஐயா, டிடிஎஸ் பிடித்தார்களா. கீழே ஒவ்வொருவர் பெயர், கொடுத்த சம்பளம், கையெழுத்து. அதற்கும் கீழே வேன், டீசல், சாப்பாடு, கமிஷன். வேன் கிளம்புமுன் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மறுநாள் என்று விட்டால் ஆடி மாதம் முழுக்க அப்படியே போய்விடும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கியதற்கு ரசீது எழுதும்போது ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. உங்கள் குழுவின் பெயர் அச்சிட்ட கொடை அழைப்பிதழ் ஒன்றை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். நிகழ்ச்சி நடந்தது, எந்த ஊர், எந்த நாள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

மேடையில் பெயர் வாசித்து வாங்குகிற அன்பளிப்பும் வரவுதான். நூறும் இருநூறுமாக வந்தாலும் அன்றைய கூட்டுத்தொகையை ஒரு வரியில் எழுதுங்கள். அதைக் குழுவுக்குள் பிரித்தால் பிரித்ததையும் எழுதுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் குழுவினர் உங்களிடம் முன்கூட்டி வாங்குகிற பணம் சம்பளம் அல்ல, முன்பணம். அதற்குத் தனிப் பக்கம் வைத்து, சித்திரையில் சம்பளத்தில் கழிக்கும்போது சம்பளத்தை முழுத் தொகையாக எழுதி முன்பணத்தைக் கழித்துக் காட்டுங்கள். கையில் கொடுத்த மீதியை மட்டும் எழுதினால் உங்கள் செலவு குறைந்துபோகும். அதே அளவுக்கு உங்கள் வருமானம் கூடித் தெரியும்.

பங்குனியில் வாங்கிய அச்சாரம் எந்த ஆண்டுக் கணக்கு என்பதும் அடிக்கடி தடுமாறும் இடம். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. சித்திரைக் கொடைக்கு மார்ச்சிலேயே பணம் வந்துவிடுகிறது. வாங்கிய நாளை வைத்து எழுதுவது ஒரு முறை, நிகழ்ச்சி நடத்திய ஆண்டை வைத்து எழுதுவது இன்னொரு முறை, இரண்டும் செல்லும். ஒன்றைப் பிடித்தால் ஆண்டுதோறும் அதையே பிடிக்க வேண்டும். கையில் வாங்கிய நாளை வைத்து எழுதுவதே குழுக்களுக்கு எளிது. டிடிஎஸ் எந்த ஆண்டில் பிடிக்கப்பட்டிருந்தாலும், அந்த வரவை எந்த ஆண்டில் காட்டுகிறீர்களோ அந்த ஆண்டில்தான் அந்த டிடிஎஸ் தொகையைக் கேட்க முடியும்.

வாத்தியம் வாங்கிய விலையை அந்த ஆண்டுச் செலவில் எழுதக் கூடாது. சொத்தாக எழுதி ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்க வேண்டும். தோல் மாற்றுவது, சுருதி பார்ப்பது, நாகசுரக்காரருக்குச் சீவாளி வாங்குவது போன்றவை அந்தந்த ஆண்டுச் செலவு. வேன் வாங்கினாலும் இதே கணக்கு: கடன் தவணையில் வட்டி மட்டும் செலவு, அசல் செலவாகாது, வேனின் விலைக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் ஆண்டு பாதித் தேய்மானம்தான். ஏப்ரலில் வாங்குவதற்கும் டிசம்பரில் வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ரொக்கத்தில் இரண்டு எல்லைகள்

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு கொடைக்கும் உடனுக்குடன் கொடுத்தால் இந்த எல்லை உங்களைத் தொடாது. ஆனால் சீசன் முடிந்து ஆவணிக் கடைசியில் மொத்தமாகக் கணக்கு முடிக்கிற வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. 35,000 ரூபாயை ஒருவர் கையில் ரொக்கமாக வைத்தீர்கள் என்றால் அது உண்மையாகவே கொடுத்த சம்பளமாக இருந்தும் செலவில் சேராது. வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுங்கள்.

இரண்டாவது எல்லை வாங்குவதில். ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவர் மேல். கமிட்டிக்கு வங்கிக் கணக்கு இருந்தால் பெரிய தொகையை அதன் வழியாகவே கேளுங்கள்.

டிடிஎஸ் வந்து சேர்ந்ததா?

உள்ளூர்க் கொடைக் கமிட்டிகள் பொதுவாக டிடிஎஸ் பிடிப்பதில்லை. அரசுத் துறைகளும் கல்லூரிகளும் கம்பெனிகளும் பிடிக்கும். தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதம் (ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 தாண்டினால்), ஒப்பந்த வேலை என்று எடுத்துக்கொண்டால் தனிநபருக்கு 1 சதவீதம். நாட்டுப்புறக் கலைக்கு எது என்பதில் எல்லாரும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எதைப் பிடித்தாலும் கணக்கில் திரும்பிவிடும் என்பதால் அதற்காகச் சண்டை வேண்டாம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண்ணை வாயால் சொல்லாமல் நகலாகக் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினால் உங்கள் பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போய் நிற்கும்.

பிடித்தவர் அதை அரசுக்குக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்தால்தான் உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் தெரியும். ஜூலைக் கடைசி, அக்டோபர் கடைசி, ஜனவரிக் கடைசி, மே கடைசி ஆகியவை அவர்களுக்கான கெடு. அவை முடிந்ததும் வருமான வரித் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் (உங்கள் வரவு பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் பட்டியல்) இரண்டையும் உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். பிடித்தது வரவில்லை என்றால் உடனே அந்த அலுவலகத்தில் டிடிஎஸ் சான்றான படிவம் 16ஏ கேளுங்கள். அடுத்த மாதம் கேட்டால் திருத்துவார்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அந்த இருக்கையில் வேறு ஆள் இருப்பார்.

கடவுச்சொல்

இதைத்தான் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தளத்தில் உங்கள் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கிற செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று இந்த வாரமே பாருங்கள். ரிட்டர்ன் போட்டுத் தருகிறவரின் எண் இருந்தால் துறை அனுப்புகிற ஒவ்வொரு நோட்டீஸும் அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியாமலே கெடு முடியும். ரீஃபண்ட் எந்த வங்கிக் கணக்குக்கு என்பதையும் பாருங்கள். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற வழியில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாமலே விட்டால் அது போட்டதாகவே ஆகாது. பலருடைய ரிட்டர்ன் அங்கேதான் நின்றுபோகிறது.

"ரீஃபண்ட் அதிகமாக வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு ஒரு பங்கு" என்கிறவரிடம் போகாதீர்கள். இல்லாத நன்கொடை, இல்லாத காப்பீடு என்று எழுதி வாங்கித் தருவார்கள். பொய்க் கணக்கு என்று தெரிந்தால் தவிர்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. அது உங்கள் பெயரில் வரும், அவர் பெயரில் வராது.

ரிட்டர்ன் போட்டால் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடும் என்ற அச்சத்தில் பல பெண் கலைஞர்கள் ஒதுங்குவதை அறிவோம். 2023-ல் திட்டம் தொடங்கியபோது வகுத்த விதியில் ஆண்டுக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வரம்பைத் தாண்டுவது வருமானம். ரிட்டர்ன் அதை எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். திட்டம் தொடங்கியபோதைய கணக்கில் மாதம் ஆயிரம் வீதம் ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்காக 24,000 ரீஃபண்டையும் வேன் கடனையும் விட்டுவிடுவது உங்கள் உழைப்புக்குச் செய்கிற அநியாயம்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக. நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றைக் கலைஞர் நிகழ்த்தும்போது கட்டணம் 1.5 லட்சத்துக்கு மிகாவிட்டால் ஜிஎஸ்டி விலக்கு. மெல்லிசைக் கச்சேரிக்கு இந்த விலக்கு இல்லை. வில்லிசை மட்டும் நடத்தி, ஒவ்வொன்றும் அந்த வரம்புக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. அதோடு இன்னிசைக் குழுவும் நடத்தினால், விலக்குள்ள வரவையும் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுச் செலவுக்கு ஒரே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். நிகழ்ச்சிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதிலிருந்து மாதம் ஒரே தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். 3 லட்சம் நிகர வருமானம் என்றால் மாதம் 25,000. ஆடியில் இரண்டு மடங்கு வந்தாலும் 25,000, மார்கழியில் ஒன்றும் வராவிட்டாலும் 25,000. சீசனில் கை தாராளமாகி, மழை மாதத்தில் மூன்று வட்டிக்கும் ஐந்து வட்டிக்கும் வாங்கி, சித்திரை அச்சாரத்தில் அதை அடைக்கிற சுழற்சி ஒரு வருஷம் இப்படி நடத்தினால் அறுந்துவிடும்.

இனி உங்கள் வேன் கடன். பொதுவாக வங்கிகள் இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்ன் கேட்கும். தவறான படிவத்தில் போட்டது நடப்பு ஆண்டுடையதாக இருந்து, திருத்தக் கெடு முடியாமல் இருந்தால் ஐடிஆர்-3-ல் திருத்திப் போடுங்கள். பழைய ஆண்டுகளுக்கு "ஐடிஆர்-யு" என்ற புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. ஆனால் அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி, ரீஃபண்ட் கேட்க உதவாது. ரிட்டர்னே போடாமல் விட்ட ஆண்டில் டிடிஎஸ் சிக்கியிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் துறையிடம் மனு கொடுக்கலாம்; அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கடனுக்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தவணை கட்டப்போவது உண்மையான வருமானத்திலிருந்துதான்.

ஆடிட்டரிடம் போகும்போது நோட்டு, வங்கி அறிக்கை, 26ஏஎஸ், ஏஐஎஸ், வாத்தியம் வாங்கிய பில் ஆகியவற்றோடு ஜூன் மாதமே போங்கள். ஜூலை 31-ஐ உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் செய்யுமுன் அவர் தயாரித்ததில் மூன்று எண்களை மட்டும் கேட்டு நோட்டோடு ஒத்துப் பாருங்கள்: மொத்த வரவு, குழுவினர் சம்பளம், டிடிஎஸ். மூன்றும் ஒத்தால் ஓடிபியைச் சொல்லலாம்.